எது ஆங்கிலம், எது உடைந்த ஆங்கிலம்?

2023 ஜூன் 2 – கேள்வி

என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். போன வாரம் ஒரு கம்பெனியில் எழுத்துத் தேர்வு, டெக்னிக்கல் ரவுண்டு எல்லாம் தாண்டிவிட்டான். கடைசியில் போனில் பேசவைத்துப் பார்த்துவிட்டு ‘எம்.டி.ஐ. ஜாஸ்தி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலம் பேசும்போது தாய்மொழிச் சாயல் தெரிவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயராம் அது. என் கருத்தைச் சொல்கிறேன். லண்டன்காரன் பேசுவதுதான் ஆங்கிலம். அமெரிக்கன் அதைக் கெடுத்தான், நாம் இன்னும் கெடுத்தோம், நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் பேசுவதெல்லாம் உடைந்த ஆங்கிலம். பள்ளிக்கூடத்திலேயே லண்டன் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்திருந்தால் என் பையனுக்கு இந்த நிலைமை வந்திருக்காது. சரிதானே?

ஜூன் 2, இரவு

சரியில்லை அண்ணாச்சி. நான் தூத்துக்குடியில் இருந்து கேடட்டாகக் கிளம்பி, 22 வருடம் சரக்குக் கப்பலில் ஓடி, சீஃப் மேட்டாக, அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாக, இறங்கியவன். ஒரே மெஸ் மேஜையில் ஐந்தாறு நாட்டு ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவன். இத்தனை வருடத்தில் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நின்றுகொண்டு எனக்கு வயிற்றைக் கலக்கிய ஆங்கிலம், பிறந்ததில் இருந்து ஆங்கிலமே பேசி வளர்ந்த ஒருவருடையதுதான். நாளை விவரமாக எழுதுகிறேன். பையனிடம் மட்டும் இப்போதே சொல்லுங்கள், அவன் நாக்கில் ஒரு குறையும் இல்லை.

ஜூன் 3

வட ஐரோப்பாவில் ஓர் ஆற்றுத் துறைமுகம், பெயர் வேண்டாம். 1999 ஜனவரி, காலை ஆறரை மணி, இன்னும் இருட்டு. கப்பல் நிறைய நிலக்கரி. உள்ளே கொண்டுபோக, கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர் பைலட் ஏறியிருந்தார், ஸ்காட்லாந்துக்காரர், நல்ல மனிதர், அந்த ஆற்றின் ஒவ்வொரு மணல்திட்டும் அவருக்கு அத்துப்படி. நான் செகண்ட் மேட். சுக்கானில் நின்றவர் பிலிப்பைன்ஸ்காரர், கைதேர்ந்த மாலுமி.

முறை என்னவென்றால் பைலட் கட்டளை சொல்வார், சுக்கான் பிடிப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் தொடுவார். ‘போர்ட் டென்’ (இடப்பக்கம் பத்து டிகிரி) என்றால் ‘போர்ட் டென்’. திருப்பி முடித்ததும் இன்னொரு தடவை சொல்வார். ராத்திரி முழுக்க இது மந்திரம் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் நின்றால் தூக்கத்தில் இருப்பவனும் முழித்துக்கொள்வான்.

அன்று அந்தச் சத்தம் நின்றது. பைலட் கேப்டனிடம் கால்பந்து பேசிக்கொண்டே, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல், ‘யூ மைட் வான்ட் டு ப்ரிங் ஹர் எ வீ டச் டு போர்ட், சன்’ என்றார். சுக்கானில் இருந்து பதிலே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ‘மைட் வான்ட்’ என்றால் கட்டளையா, ஆசை இருந்தால் செய் என்கிறாரா? ‘வீ டச்’ என்பது எத்தனை டிகிரி? கடைசியில் வந்த ‘சன்’ யார்? வலப்பக்கம் பச்சை மிதவையின் விளக்கு வர வரப் பெரிதாகிக்கொண்டிருந்தது. நான் ‘போர்ட் ஃபைவ்’ என்றேன். அவர் ‘போர்ட் ஃபைவ்’ என்று சொல்லித் திருப்பினார். மூன்று நான்கு விநாடி இருக்கும், அவ்வளவுதான். பைலட்டுக்கும் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். அதன்பிறகு கரை சேரும்வரை எண் இல்லாமல் ஒரு கட்டளைகூடச் சொல்லவில்லை.

அவர் பேசியதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை, அவர் ஊரில் அதுதான் மரியாதை. ‘திருப்பு’ என்று முகத்தில் அடிக்காமல் ‘கொஞ்சம் திருப்பினால் தேவலை தம்பி’ என்று நாமும்தான் சொல்கிறோம். ஆனால் அந்த மரியாதையைப் புரிந்துகொள்ள அந்த ஊரில் வளர்ந்திருக்க வேண்டும்.

ஜூன் 3, மாலை

கப்பலுக்கென்று தனி ஆங்கிலம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. எஸ்.எம்.சி.பி. என்போம், கப்பல் அதிகாரிகள் கட்டாயம் கற்க வேண்டிய வாக்கியத் தொகுப்பு. அதற்கு முன்னால் எண்பதுகளில் ‘சீஸ்பீக்’ என்று ஒன்று இருந்தது. இந்த முயற்சிகளுக்குப் பின்னால் நிறையச் சாவு இருக்கிறது. 1990 ஏப்ரலில் ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ என்ற பயணிகள் கப்பல் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். ஊழியர்களில் பலருக்கு ஒருவரோடு ஒருவர் பேசவே பொதுமொழி இல்லை, பயணிகளோடு எப்படிப் பேசுவது?

அந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்தது, ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்வது. ‘மே ஐ என்டர்’ என்று கேட்டால் அனுமதி கேட்கிறானா, நுழையப்போவதாகச் சொல்கிறானா என்று குழப்பம் வரும். அதனால் முதலில் ‘கொஸ்டின்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, அனுமதி உண்டா என்று நேராகக் கேட்க வேண்டும். எண்களையும் ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும், 150 என்றால் ‘ஒன், ஃபைவ், ஸீரோ’. ‘ஃபிஃப்டீனும்’ ‘ஃபிஃப்டியும்’ வயர்லெஸ் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் எதை நல்ல ஆங்கிலம், பணிவான ஆங்கிலம் என்று சொல்லிக்கொடுத்தார்களோ, அதையெல்லாம் கடலில் வடிகட்டிக் கீழே ஊற்றிவிட்டார்கள்.

ஜூன் 4

ஒருவர் பிடித்துவிட்டார்: எண்ணைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் ‘போர்ட் டென்’ மட்டும் எப்படி? நியாயமான கேள்வி. சுக்கான் கோணத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அங்கே ‘டென்’, ‘ஃபிஃப்டீன்’ என்று சொல்லலாம். நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 4, இரவு

இன்னொன்று. இது என் தவறு, அதையும் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் கணக்கு நேராகும்.

1993, நான் கேடட், கப்பலேறி இரண்டாவது மாதம். கப்பலை நிலையாக வைக்கும் பல்லாஸ்ட் டேங்குகளில் கடல்தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நம்பர் டேங்கின் வால்வு என் பொறுப்பு. சீஃப் மேட் இங்கிலாந்துக்காரர். வாக்கி டாக்கியில் ‘யூ ஹாவன்ட் க்ளோஸ்ட் நம்பர் த்ரீ?’ என்று கேட்டார். நான் ‘யெஸ் சார்’ என்றேன். ‘மூடலையா?’ என்றால் ‘ஆமா, மூடலை’ என்றுதானே நாம் சொல்வோம்? நான் சொன்னது அந்த ‘ஆமா’. அவர் காதில் விழுந்தது ‘மூடிவிட்டேன்’. பத்து நிமிடத்தில் ஏர் பைப் வழியாகத் தண்ணீர் பொங்கி டெக்கெல்லாம் ஓடியது. நல்லவேளை, வெறும் கடல்தண்ணீர். எண்ணெயாக இருந்திருந்தால் என் கப்பல் வாழ்க்கை அன்றோடு சரி.

திட்டு வாங்கினேன். என் ஆங்கிலம் உடைந்தது என்று ரொம்ப நாள் நம்பினேன். பிறகுதான் பார்த்தேன், எதிர்மறைக் கேள்விக்கு பிலிப்பைன்ஸ்காரர்களும் ஜப்பான்காரர்களும் நம்மைப் போலவே பதில் சொல்கிறார்கள். கேட்பவர் சொன்னது சரி என்றால் ‘ஆமாம்’. இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது, ஆங்கிலத்தில் வேறு தர்க்கம் இருக்கிறது. எஸ்.எம்.சி.பி.யில் இதற்கு மருந்து வைத்திருக்கிறார்கள். ‘யெஸ்’ என்று நிறுத்தக்கூடாது, முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். ‘யெஸ், வால்வ் இஸ் க்ளோஸ்ட்.’

ஜூன் 5

விமானத்தில் எப்படி என்று கேட்டவருக்கு. நான் விமானத்தில் பயணியாக மட்டுமே போனவன், ஆனால் கப்பல் பயிற்சியில் அவர்கள் விபத்துகளையும் படிக்கவைப்பார்கள். 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு, மூடுபனி. டச்சு விமானத்தில் இருந்து ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்று சொன்னார்கள். மேலேறிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்கள் நினைத்தது. மேலேறும் இடத்தில் நிற்கிறோம் என்று கட்டுப்பாட்டறை எடுத்துக்கொண்டது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருந்தது. 583 பேர் போனார்கள். அதற்குப் பிறகு மேலேற நிஜமாகவே அனுமதி கொடுக்கும்போது தவிர அந்தச் சொல்லையே வாயில் எடுக்கக்கூடாது என்று வைத்துவிட்டார்கள், மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’தான். 1996 நவம்பரில் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்ததிலும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்வதில் இருந்த சிக்கல் பேசப்பட்டது.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் உங்கள் பையன். விமானிகளின் ஆங்கிலத்துக்கு ஆறு நிலை வைத்திருக்கிறார்கள். சர்வதேசப் பயணத்துக்கு நாலாம் நிலை போதும், 2008-இல் இருந்து நடைமுறை. உச்சமான ஆறாம் நிலையில் உச்சரிப்புக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? தாய்மொழியின் அல்லது வட்டாரத்தின் சாயல் இருக்கலாம், ஆனால் புரிந்துகொள்வதற்கு அது ஏறக்குறைய எப்போதுமே இடைஞ்சலாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான். முந்நூறு உயிரைச் சுமந்துகொண்டு பறக்கும் ஆளுக்கு அனுமதித்திருப்பதை, போனில் வாடிக்கையாளரோடு பேசப்போகும் பையனுக்கு மறுக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 8

லண்டன்தான் அசல் என்ற பேச்சுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சுக்கூடம் வைத்த காக்ஸ்டன் 1490-இல் ஒரு முன்னுரையில் எழுதிவைத்த கதை இது. தேம்ஸ் நதியில் இருந்து கப்பலேறிய வியாபாரிகள் காற்று இல்லாமல் கென்ட் கரையில் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் இறங்கிப்போய் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்கிறார், முட்டைதான். அந்த அம்மா ‘எனக்கு பிரெஞ்சு தெரியாது’ என்கிறாள். அந்த ஆளுக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. கூட வந்தவர் ‘ஐரன்’ வேண்டும் என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊரில் முட்டைக்கு அதுதான் பெயர். ‘எக்’ என்பது வடக்கே வைக்கிங்குகள் கொண்டுவந்தது. ஒரே நாடு, ஒரே கடற்கரை, முட்டை வாங்க முடியவில்லை. எந்த ஆங்கிலத்தை அசல் என்று எடுத்துக்கொள்வது?

அமெரிக்கன் கெடுத்தான் என்கிறீர்கள். ‘கார்’, ‘ஹார்ட்’ என்பதில் ‘ர்’ ஒலியை அமெரிக்கர்கள் அழுத்திச் சொல்கிறார்களே, அதுதான் பழசு. இங்கிலாந்தில் இருந்து முதலில் அங்கே போய்க் குடியேறியவர்கள் அப்படித்தான் பேசினார்கள். அந்த ‘ர்’ரை லண்டன்காரர்கள் கைவிட்டது பிற்பாடு, பதினெட்டாம் நூற்றாண்டு வாக்கில். ‘காட்டன்’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் வினைவடிவமும் இங்கிலாந்தில் இருந்து போன பழைய சரக்குதான்.

ஜூன் 8, பின்னிரவு

‘காட்டன்’ என்றதும் பருத்தி என்று நினைத்துவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். ‘கெட், காட், காட்டன்’ வரிசையில் வருவது அது. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

ஜூன் 9

தூத்துக்குடிக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டுபோய் ‘கேட்டமரான்’ ஆக்கினார்கள். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் அச்சான தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இரட்டை உடல் கொண்ட படகு. சிங்கப்பூரில் இருந்து தீவுகளுக்கு ஓடும் ஃபெர்ரியைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். நம்முடையது நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் கட்டியது, அதற்கு உடலே கிடையாது. நம் சொல்லை அவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று யாராவது வழக்குப் போட்டோமா? அது போன இடத்தில் அந்த இடத்துக்குத் தக்கபடி பிழைத்தது. மிளகுத்தண்ணீர், சுருட்டு எல்லாம் அப்படிப் போனவைதான். அவர்களுடைய சொல் இங்கே வந்து பிழைப்பதும் அதே வழக்கம்தான்.

ஜூன் 13

நாலு நாளாக எழுத நினைத்தது இது. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

2004-இல் பப்புவா நியூ கினிக்கு மரம் ஏற்றப் போனோம். நியூ பிரிட்டன் தீவில் கிம்பே. கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) வரும் மரத்தடிகளைக் கப்பலின் கிரேன்களாலேயே தூக்கி அடுக்க வேண்டும். மழை, சேறு, மரப்பட்டை நாற்றம். ஒவ்வொரு தடியின் முனையிலும் நம்பர் அட்டை அடித்திருக்கும். அதைச் சரிபார்க்க உள்ளூர் டேலி கிளார்க் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், வெற்றிலை பாக்கு மென்று பல்லெல்லாம் சிவப்பு, எங்கள் ஊர்ப் பெரியவர் மாதிரியே இருப்பார். நான் சீஃப் மேட், சரக்குக்கு நான்தான் பொறுப்பு. பதினெட்டு நாள் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில்.

அவர் பேசியது டோக் பிசின். எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது, எல்லோரையும் கட்டிப்போடுவது இந்த மொழிதான், நாடாளுமன்றத்திலும் பேசுகிறார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ‘ஹவுஸ் சிக்’. கிரேன் நின்றுபோனால் ‘என்சின் இ பகரப்’, ஆங்கிலத்தில் வசைச்சொல், இங்கே வெறுமனே கெட்டுப்போச்சு என்று அர்த்தம், குழந்தைகள்கூடச் சொல்லும். ஒரே மொழி பேசும் சொந்த ஊர்க்காரன் ‘வன்டொக்’.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மதியம் மழை வலுத்தது. அவர் தன் ஆட்களைக் காட்டி ‘மிபெலா கோ கைகை’ என்றார். சாப்பிடப் போகிறார்கள் என்று புரிந்தது. நானும் கூடக் கிளம்பினேன். அவர் சங்கடமாக நின்றார். பிறகு நெஞ்சைத் தொட்டு, தன் ஆட்களைச் சுட்டி ‘மிபெலா’ என்றார். அடுத்து தன்னையும் என்னையும் சேர்த்து விரலால் ஒரு வட்டம் போட்டு ‘யுமி’ என்றார். மிபெலா, யுமி. மறுபடியும் மிபெலா, யுமி.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாங்கள், நாம்! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். கூப்பிடுகிறானா, விலக்கி வைக்கிறானா என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். இங்கே இருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆங்கிலச் சொற்களைச் செங்கல்லாக வைத்து, ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு அறையை அவர்கள் கட்டியிருக்கிறார்கள். ‘யூ’, ‘மீ’, ‘ஃபெல்லோ’, இவ்வளவுதான் மூலப்பொருள். அந்தத் தீவுகளின் சொந்த மொழிகளில் இந்த வேறுபாடு உண்டு, அதை விட்டுக்கொடுக்காமல் புது மொழிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். போதாததற்கு, நாங்கள் இருவர் என்றால் ‘மிதுபெலா’, நாங்கள் மூவர் என்றால் ‘மித்ரிபெலா’. இது நம்மிடமும் கிடையாது.

இதை உடைந்த ஆங்கிலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஜூன் 14

டோக் பிசினில் காலம் காட்டும் இலக்கணம் இல்லை என்று படித்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. ‘மி கைகை பினிஸ்’ என்றால் நான் சாப்பிட்டுவிட்டேன். அந்த ‘பினிஸ்’ கிட்டத்தட்ட நம் ‘விட்டேன்’ செய்கிற வேலையைச் செய்கிறது. ‘பை மி கோ’ என்றால் போவேன்.

இந்த மொழி பிறந்த விதம் இனிமையான கதை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசிபிக் தீவுக்காரர்களைக் குயின்ஸ்லாந்தின் கரும்புக் காடுகளுக்கும் சமோவாவின் தோட்டங்களுக்கும் கூலிகளாகக் கொண்டுபோனார்கள், சிலரை ஏமாற்றியும் சிலரைக் கடத்தியும். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத ஆட்கள் கங்காணியின் ஆங்கிலத்தில் கிடைத்ததைப் பொறுக்கி உருவாக்கியது இது. நம் ஆட்களும் அதே காலத்தில் கண்டிச் சீமைக்கும் மலாயாவுக்கும் பிஜிக்கும் போனார்கள். பிஜிக்குக் கையெழுத்துப் போட்ட ‘அக்ரிமென்ட்’ அங்கே ‘கிர்மிட்’ என்று ஆனது. அந்தச் சொல்லை இன்றைக்கும் அங்கே யாரும் லேசாகச் சொல்வதில்லை.

ஜூன் 17

நைஜீரியாவின் லாகோஸ். 2007, பிரேசிலின் சான்டோஸில் இருந்து சர்க்கரை. கேங்வேயில் (கப்பலில் ஏறும் படியில்) உள்ளூர் வாட்ச்மேன் எங்கள் கேடட்டைப் பார்த்து ‘ஹவ் ஃபார்?’ என்றார். பையன் ரொம்பப் பொறுப்பாக, பிரேசிலில் இருந்து வருகிறோம், பன்னிரண்டு நாள் ஆனது என்றான். வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். ‘ஹவ் ஃபார்’ என்றால் அங்கே ‘எப்படி இருக்கே’. அதற்குப் பதில் ‘ஐ டே’, இருக்கேன். அடுத்த நாளில் இருந்து கேடட் காலையில் அவருக்கு முந்திக்கொண்டு ‘ஹவ் ஃபார்’ சொல்ல ஆரம்பித்தான்.

நைஜீரியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள். பள்ளியில் கற்கும் ஆங்கிலம் வேறு, தெருவில் பேசும் கலப்பு மொழியான பிட்ஜின் வேறு. அந்தப் பிட்ஜினில் பி.பி.சி. 2017-இல் இருந்து செய்தியே போடுகிறது. இதைக் கேட்டால் அண்ணாச்சிக்கு மயக்கம் வரும்.

அங்கே குழந்தைக்கு ‘பிகின்’. கிம்பேயில் ‘பிகினினி’. இரண்டும் எங்கிருந்து வந்தன? போர்ச்சுகீசியச் சொல். ஆங்கிலேயர்களுக்கு முன்னாலேயே ஆப்பிரிக்கக் கரைகளில் இறங்கியவர்கள் அவர்கள். மாலுமிகள் வாயில் ஏறி அது உலகத்தைச் சுற்றியிருக்கிறது. நம் கரையில் அதே போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போனது சாவியும் ஜன்னலும் அலமாரியும்.

ஜூன் 20

பிலிப்பைன்ஸ் ஆங்கிலத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். 1898-இல் ஸ்பெயினிடம் இருந்து அமெரிக்கா அந்தத் தீவுகளை வாங்கியது. 1901-இல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க வாத்தியார்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். ஒரு கப்பல் நிறைய ஆங்கிலம். அதனால்தான் நம் ஆங்கிலத்தில் பிரிட்டிஷ் வாடையும் அவர்கள் ஆங்கிலத்தில் அமெரிக்க வாடையும். லைட்டைப் ‘போடு’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘ஓபன்’ செய் என்பார்கள். டாய்லெட்டுக்கு ‘சி.ஆர்.’.

ஒரு சொல் மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. ‘சால்வேஜ்’. கடலில் அதற்கு மீட்பு என்று அர்த்தம், ஆபத்தில் மாட்டிய கப்பலையும் சரக்கையும் காப்பாற்றுவது. ஒருநாள் வயர்லெஸ்ஸில் சால்வேஜ் டக் (இழுவைக் கப்பல்) வருகிறது என்று கேட்டதும் எங்கள் போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு டீ குடிக்கும்போது சொன்னார், அவர் ஊர்ச் செய்தித்தாளில் ‘சால்வேஜ்’ என்றால் ஒருவனை விசாரணை இல்லாமல் கொன்று எங்காவது தூக்கிப் போடுவது. வேலையில் அந்தச் சொல்லை அவருக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் காதில் விழுந்த மாத்திரத்தில் முதலில் வருவது ஊர் அர்த்தம்தான். எங்கோ பத்திரமாக இருந்துகொண்டு இதை யாராவது ‘தவறான பயன்பாடு’ என்று திருத்தினால் அவருக்கு எப்படி இருக்கும்?

ஜூன் 21

நீ, நீங்கள் பற்றிச் சின்னதாக. ஆங்கிலம் ‘தௌ’ என்ற ஒருமையைத் தொலைத்துவிட்டு ‘யூ’ ஒன்றையே வைத்துக்கொண்டு இருக்கிறது. போன இடங்களில் எல்லாம் மக்கள் அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தெற்கில் ‘யால்’, கிளாஸ்கோவில் ‘யூஸ்’, ஜமைக்காவில் ‘உனு’, இது இக்போ மொழியில் இருந்து அடிமைகளாகப் போனவர்களோடு போனது. எல்லாம் பன்மைக்குத்தான். மரியாதைக்கு இன்னும் யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அதனால்தான் நாம் ‘சார்’ ‘சார்’ என்று சேர்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஜூன் 29

இரண்டு நாளாக மனசு சரியில்லை. இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஆங்கிலம் போன இடமெல்லாம் பூத்துக் குலுங்கியது என்பது மாதிரி எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது.

என் அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே தமிழ் ஆட்சிமொழி, ரயிலில் பலகை இருக்கிறது, பள்ளியில் பாடம் இருக்கிறது. 2010 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 சதவீதம், 2020-இல் 2.5. ஆங்கிலம் 32.3-இல் இருந்து 48.3-க்கு ஏறிவிட்டது. அக்காவின் பேரன் என்னோடு போனில் பேசுவான். ‘தாத்தா, கேன் ஆர் நாட்?’ என்பான், ‘கேன் லா’ என்பான், கேட்க அவ்வளவு ஆசையாக இருக்கும். அந்த ‘லா’வில் ஒரு பாசம் இருக்கிறது. அரசாங்கம் 2000-இல் இருந்து நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி இயக்கமே நடத்துகிறது, ‘லா’ போகவில்லை, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. அவன் ‘ஐயோ’ என்று கத்துவான், அந்த ‘ஐயோ’வும் அகராதியில் ஏறிவிட்டது. ஆனால் அக்கா தமிழில் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வரியில் எழுந்து போய்விடுகிறான். புரியவில்லை. அக்கா போனில் எதையும் சொல்லிக்கொள்ள மாட்டாள், ஆனால் இதைச் சொன்னாள்.

அவன் பேசும் ஆங்கிலம் அவனுடைய சொந்த மொழி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்காவின் கதை அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தான் எனக்குத் தெரிகிறது.

ஜூலை 2

ஜூன் 3-இல் எழுதிய பைலட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்மேல் குறை சொல்வதுபோல் ஆகிவிட்டது. அவருடைய ஆங்கிலம் லண்டன் ஆங்கிலம் இல்லை, ‘ர்’ரெல்லாம் நம்மைப் போல உருட்டி உருட்டிப் பேசினார். பள்ளியில் அவரையும் யாராவது உச்சரிப்புக்காக அடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் ஆற்றில் அவர் பேச்சைப் பேசினார். நான் ‘சே எகெய்ன்’ என்று உடனே கேட்டிருக்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டேன், அதுதான் அன்றைய ஆபத்தில் பாதி.

ஜூலை 9

பையனுக்கு வேறு இடத்தில் இண்டர்வியூ வந்திருக்கிறது என்று அண்ணாச்சி எழுதியிருக்கிறார். சந்தோஷம். நான் கேடட்களுக்குச் சொல்வதையே சொல்கிறேன். வேகத்தைக் குறைக்கட்டும், நம் பேச்சில் மற்றவர்களுக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் வேகத்தால்தான், உச்சரிப்பால் இல்லை. ‘ப’வையும் ‘ஃப’வையும் பிரித்துச் சொல்லப் பழகட்டும், ‘ஸ’வையும் ‘ஷ’வையும் அப்படியே. அழுத்தம் சொல்லின் எந்த இடத்தில் விழுகிறது என்று அகராதியில் பார்க்கட்டும், எதிராளி காது அதைத்தான் தேடும். எண்ணைத் தனித்தனியாகச் சொல்லட்டும். கேட்கவில்லை என்றால் திருப்பிக் கேட்கட்டும், தலையாட்ட வேண்டாம். யாருடைய குரலையும் போலிசெய்ய வேண்டாம். போலிக்குரலில் நாலு நிமிடம் பேசலாம், வேலையில் நாலு வருடம் பேச முடியாது.

ஜூலை 10

அந்த டேலி கிளார்க்கை அப்புறம் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. கிம்பேக்கு நான் மறுபடி போகவில்லை.

கடைசி நாள் மட்டும் சொல்கிறேன். பதினெட்டாம் நாள் சாயங்காலம், கடைசித் தடியும் ஏறி, சங்கிலி போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கணக்குப் புத்தகத்தோடு என் ஆபீசுக்கு வந்தார், காலணியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். அவர் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒரு தடிகூட வித்தியாசம் இல்லாமல் பொருந்தியது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அத்தனை நாளும் வேலையைப் பற்றிப் பேசினால் அவர் வாயில் வருவது ‘மிபெலா’தான், அவரும் அவர் ஆட்களும். அன்று புத்தகத்தை மூடிவிட்டு ‘வொக் பிலொங் யுமி இ பினிஸ்’ என்றார்.

நம் வேலை முடிந்தது.